வெளியூர் உணவும் ஒவ்வாமையும்

நம் நாட்டில் ஊர்ப்பயணம் செல்பவர்கள் கோயிலையும் அருவியையும் கண்டு களிப்பதோடு அமைவதில்லை. அவ்வவ்வூர் உணவையும் சுவைத்துப் பார்த்தே திரும்புகின்றனர். காசிக்குச் சென்று வந்தவர் கங்கையைப் பற்றிச் சொல்லும்போதே அங்குக் காலையில் உண்ட கச்சோரியைப் பற்றியும் சொல்வார். கொல்கத்தாவிலிருந்து வருபவர் கையில் ரசகுல்லா டப்பா இல்லாவிட்டால் வீட்டுக் குழந்தைகளுக்கு முகம் வாடிவிடும். ஆனால் இந்த இன்பம் எல்லோருக்கும் ஒரே வகையாக வாய்ப்பதில்லை. வேர்க்கடலை ஒன்றோ, முந்திரித் துண்டு ஒன்றோ, இறால் வெந்த சாறு சிறிதோ உடலுட் புகுந்தால், சில நிமிடங்களுக்குள் உயிருக்கே ஊறு நேரக்கூடிய நிலையில் உள்ளவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. இவர்களுக்கோ அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை, கடுகளவும் நஞ்சாகலாம். இத்தகையோர் விடுமுறைக் காலத்தில் வெளியூர் செல்லும்போது உண்டிச் சாலைகளில் எவ்வாறு பத்திரமாக உண்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முதலில் ஒவ்வாமை என்பது யாது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். பால் பருகினால் சிலருக்கு வயிறு உப்புகிறது. ஊசிப்போன பண்டத்தை உண்டால் எவருக்கும் வயிறு போகிறது. இவை துன்பம் தருவன என்பது மெய்யே. எனினும் இவை நாம் இங்குக் கூறும் ஒவ்வாமை ஆகா. பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் கடல் வாழ் உயிரிகளின் நஞ்சை நாய்களுக்கு ஊசி வழியே செலுத்தி ஆராய்ந்தனர். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவே செலுத்தப்பட்டபோது சில நிமிடங்களில் மூச்சுத் திணறி மடிந்தது. பழகப் பழக நஞ்சு பலிக்காது போகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரு வியப்பாயிற்று. இந்நிலைக்கு 1902-ஆம் ஆண்டில் 'அனபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். ரிஷேக்கு 1913-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே 1906-ஆம் ஆண்டில் வழங்கினார்.

உடலைக் காக்க வேண்டிய காவற்படை, தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகையென்று பிறழ உணர்வதே இந்நோயின் மூலம். ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளை உடல் ஆக்கிச் சில அணுக்களின் மேல் பதித்து வைக்கிறது. மறுமுறை அதே புரதம் வந்து அந்த எதிர்ப்பொருளைத் தொட்டவுடன், அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒருங்கே கொட்டிவிடுகின்றன. அதனால் தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக் குழல் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் சட்டென்று வீழ்கிறது. இந்த எதிர்ப்பொருளை 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆராய்ந்த இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியரும், ஸ்வீடன் நாட்டு அறிஞர் இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

வேர்க்கடலை, முந்திரி, பாதாம், அக்ரூட், பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா, எள் ஆகியவை இத்தகைய தீங்கு விளைப்பவற்றுள் முக்கியமானவை. நம் நாட்டில் கொண்டைக்கடலையும் இவ்வரிசையில் சேரும். நன்றாகக் கொதிக்கவைத்தால் தீங்கு நீங்கிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. வறுப்பதனால் வேர்க்கடலையின் ஒவ்வாமைத் தன்மை குறைவதில்லை, மிகுதல்கூட உண்டு. இறாலின் புரதமோ கொதிநீரிலும் சிதையாது. வெந்த நீரில் கலந்து நிற்கும். எண்ணெயைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு அறியத்தக்கது. ஆலையில் நன்கு சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருப்பதில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயிலோ புரதம் எஞ்சியிருக்கும். செக்கு எண்ணெயில் சமைக்கிறோம் என்று இன்று பல உணவகங்கள் பெருமையுடன் பலகை வைக்கின்றன. மற்றவர்க்கு அது அழைப்பு. வேர்க்கடலை ஒவ்வாதவர்க்கு அது எச்சரிக்கை.

வீட்டிலுள்ளபோது இவற்றையெல்லாம் காத்துக்கொள்வது எளிது. நம் அடுக்களை நமக்குத் தெரியும். வெளியூரிலோ அடுக்களையும் புதிது, மொழியும் புதிது, பண்டத்தின் பெயரும் புதிது. அதனினும் முக்கியமாக, மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. உணவு ஒவ்வாமையால் மாண்டவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று, மூச்சோ இதயமோ நின்றுபோவதற்கு ஆன இடைநிலைக் காலம் சுமார் 30 நிமிடம் என்று கண்டது. மலைவாசத் தலங்களில் வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் 30 நிமிடத்தில் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், முன்னேற்பாட்டின் அருமை விளங்கும்.

ஆகவே, பயணத்திற்குப் புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உள. முதலாவது, மருத்துவரைக் கண்டு, எப்பொருள் ஒவ்வாது என்பதையும், நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அட்ரினலின் மருந்தைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசி அயல்நாடுகள் பலவற்றில் வழக்கிலுள்ளது. நம் நாட்டில் அது எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதன்று. கிட்டாதவர்களுக்கு மருத்துவர் மருந்துக் குப்பியையும் ஊசியையும் தந்து, அளவைக் குறித்து, பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தருவார். உடன் வருபவர்களும் அதனைக் கற்றுக்கொள்வது கட்டாயம். ஊசி வேண்டியவரின் கை அந்நேரத்தில் நடுங்கும். கற்றவர் அருகில் இருந்தால்தான் பயன். மருந்தை வெயிலில் நிறுத்திய காரிலும் விடலாகாது, பனிக்கட்டியிலும் புதைக்கலாகாது. நிறம் மாறிய மருந்து உதவாது. விமானத்திலோ ரயிலிலோ செல்லும்போது பெட்டிகளுக்கு அடியில் வைக்காமல், மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, தங்குமிடம் தேடும்போது சிறு அடுப்படி உள்ள இடமாகத் தேடினால் ஒரு வேளை உணவையாவது நாமே சமைத்துக்கொள்ளலாம். நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு யாத்திரை போனார்கள். அவ்வழக்கம் இவர்களுக்கு இன்றும் நல்ல துணை. முதல் நாள் உணவுக்கு அந்நிய ஊரை நம்பி இறங்க வேண்டியதில்லை.

நான்காவதாக நாம் கூறுவது, பலர் எண்ணிப் பாராத ஒன்று. அது பெயர் பற்றியது. தமிழில் 'கடலை' என்றால் வேர்க்கடலையும் ஆகும், கொண்டைக்கடலையும் ஆகும், பொட்டுக்கடலையும் ஆகும். கேரளத்தில் 'கடல' என்று சொன்னால் கொண்டைக்கடலையையே கொள்வர். வேர்க்கடலைக்கு அங்கு 'நிலக்கடல' என்றும் 'கப்பலண்டி' என்றும் பெயர். கன்னடத்தில் 'கடலே' என்பது கொண்டைக்கடலை. 'கடலேகாயி' என்பதுதான் வேர்க்கடலை. தெலுங்கில் 'செனக' வேறு, 'வேருசெனக' வேறு. பேச்சில் அதனையே 'பல்லீலு' என்பர். இந்தியில் 'மூங்பலி', மராத்தியில் 'ஷேங்தாணா', குஜராத்தியில் 'சிங்'. வங்கத்திலோ 'பாதாம்' என்ற சொல்லே பேச்சு வழக்கில் வேர்க்கடலையைக் குறிப்பதுண்டு. 'சீனா பாதாம்' என்பது அதன் முழுப்பெயர். நாம் பாதாம் என்று சொல்லும் பருப்பை அவர்கள் 'காட் பாதாம்' என்பர். முந்திரி அவர்களுக்குக் 'காஜு பாதாம்'. ஆகவே வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர், இதில் பாதாம் இருக்கிறது என்று சொல்லக் கேட்டு, பாதாம்தானே, நமக்குத் தீங்கில்லை என்று உண்டுவிட்டால் விபரீதம் நேரலாம். இத்தகைய மயக்கத்திற்கு இடம் தராமல், செல்லும் ஊரின் மொழியிலும் எழுத்திலும் ஓர் அட்டை எழுதுவித்துக்கொள்ள வேண்டும். 'இப்பொருளை உண்டால் என் உயிருக்கு ஆபத்து. இது தொட்ட கரண்டியும் எண்ணெயும் கூட ஆகாது' என்ற இரண்டு வரிகள் போதும். அப்பொருளின் படத்தையும் ஒட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத சமையற்காரருக்கும் விளங்கும்.

இனி, நாடெங்கும் உணவில் எப்பொருள் எங்கே மறைந்திருக்கிறது என்பதைச் சிறிது காண்போம். மகாராஷ்டிரத்தில் வேர்க்கடலைப் பொடி காய்கறிக்கும் பச்சடிக்கும் இயல்பாகத் தூவப்படுவது. அங்கும் குஜராத்திலும் விரத நாளில் உண்ணும் ஜவ்வரிசிக் கிச்சடி வேர்க்கடலையின்றி அமையாது. விரத உணவென்றால் எளிய உணவு, தீங்கற்ற உணவு என்று நாம் எண்ணலாகாது. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்திற்கு ஆகும் 'குட்டூ' மாவும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவதாகும். டெல்லி, லக்னோ முதலிய நகரங்களின் கெட்டிக் குழம்புகள் பலவற்றில் முந்திரி அரைத்துச் சேர்ந்திருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. ஹைதராபாத்தின் மிளகாய்ச் சாலனிலும் கத்தரிக்காய்க் குழம்பிலும் வேர்க்கடலை, எள், தேங்காய் மூன்றும் அரைபடும். அவ்வூர் ஹலீமில் கோதுமை உண்டு. காஷ்மீரத்தில் அக்ரூட்டைச் சட்னியாக அரைப்பர். 'காவா' என்னும் தேநீரிலும் பாதாம் சீவல் மிதக்கும். தேநீரில் என்ன இருக்கப்போகிறது என்று எவரும் கேட்பதில்லை. வங்கத்தில் சுரைக்காய்க் கறியில் இறாலும், பருப்பில் மீன் தலையும் சேர்ப்பதுண்டு. கடுகை அரைத்தே பல குழம்புகள் ஆகும். மணிப்பூரில் காய்கறி மசியலிலேயே புளிக்கவைத்த மீன் கலந்திருக்கும். நம் தென்னாட்டையும் விட்டுவிடுவதற்கில்லை. உண்டிச் சாலைத் தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் சேர்வதுண்டு. இட்லிப் பொடியில் எள் இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கப்படுவது வழக்கமாதலால், கோதுமை ஒவ்வாதவர்க்குச் சாம்பாரும் ஐயத்திற்குரியதாகிறது.

இவ்வளவையும் கேட்டபின், வீட்டிலேயே இருந்துவிடலாம் போலும் என்று சிலர் எண்ணக்கூடும். அது வேண்டியதில்லை. முறையறிந்து கேட்டால் பெரும்பாலும் பத்திரமாகவே உண்டு வரலாம். அம்முறைகளைக் கூறுவோம்.

உண்டிச் சாலைக்குக் கூட்டம் மிகும் நேரத்தில் செல்லலாகாது. பகல் ஒரு மணிக்கு இலை போட இடமின்றி அலைந்துகொண்டிருக்கும் சப்ளையரிடம் நாம் கேட்கும் கேள்விக்கு அவர் காது கொடுக்க இயலாது. சற்று முன்னதாகவோ பின்னதாகவோ சென்றால், சமையற்கட்டில் பொறுப்பிலிருக்கும் சரக்கு மாஸ்டரையே கண்டு பேசலாம். பரிமாறுபவருக்குப் பண்டத்தின் பெயர் தெரியும். அதில் விழுந்த பொருள் மாஸ்டருக்கே தெரியும்.

கேட்கும் முறையும் முக்கியம். 'இதில் வேர்க்கடலை இல்லையே?' என்று கேட்டால், விருந்தினரை மனம் கோணச் செய்யக் கூடாதென்ற நல்லெண்ணத்தினாலேயே 'இல்லை, ஐயா' என்ற விடை வரும். மாறாக, 'இதற்கு என்னென்ன அரைத்துச் சேர்க்கிறீர்கள்? எந்த எண்ணெயில் தாளிக்கிறீர்கள்? அந்த எண்ணெயில் வேறு எதைப் பொரித்தீர்கள்?' என்று கேட்டால், அவர் நினைவுபடுத்திச் சொல்லியாக வேண்டும். விடையில் தயக்கம் காணப்பட்டால் அப்பண்டத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை. 'எனக்குப் பிடிக்காது' என்று சொல்வதும் தகாது. பிடிக்காததைச் சிறிது குறைத்துப் போடுவார்கள்; உயிருக்கு ஆகாதது என்றால்தான் முற்றும் விலக்குவார்கள்.

தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்பதை வற்புறுத்த வேண்டும். முந்திரி வறுத்த வாணலியைத் துடைத்துவிட்டு அதிலேயே உப்புமா கிளறினால் அது தீங்கற்ற உப்புமா ஆகாது. முட்டை ஊற்றிய தோசைக்கல்லும், மீன் பொரித்த எண்ணெயும் அத்தகையவையே. வரிசையாகப் பண்டங்களைப் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் விருந்துகளில் ஒரு கிண்ணத்துக் கரண்டி மறு கிண்ணத்துக்குத் தாவும். ஆதலால் அங்கு உண்ணாதிருப்பது நலம். சோறு, தயிர், தோல் உரிக்கும் வாழைப்பழம், கண்முன் சீவிய இளநீர் போன்றவற்றுள் தமக்கு ஒத்ததைத் தெரிந்து கொள்ளலாம். எத்தனைக்கெத்தனை பண்டம் எளிதோ அத்தனைக்கத்தனை ஐயம் குறையும். உண்ணுமுன் கையைச் சோப்பிட்டு நீரால் கழுவ வேண்டும். கிருமி போக்கும் திரவத்தைத் தடவினால் கிருமி சாகுமேயன்றி, வேர்க்கடலைப் புரதம் கையை விட்டுப் போகாது.

இனிப்பு வகைகளில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஒரே தட்டில் பல வகை அடுக்கப்படும். ஒரே கையுறையால் எடுக்கப்படும். அன்றியும், விலை மிக்க பிஸ்தாவின் இடத்தில் வண்ணமேற்றிய வேர்க்கடலையைக் கலப்போரும் உளர்.

சட்டம் இவ்விஷயத்தில் ஓரளவு துணை நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, பொதியில் அடைத்து விற்கும் பண்டங்களில் பசையப் புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவையும், குறித்த அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட்டும் இருந்தால் மேலுறையில் தெரிவிக்க வேண்டும். பல கிளைகள் கொண்ட பெரிய உணவகங்களும் இத்தகவலைத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் கொண்டைக்கடலையும் இடம்பெறவில்லை; சாலையோரக் கடைக்கும் சிறிய மெஸ்ஸுக்கும் அவ்விதி எட்டுவதும் இல்லை. ஆகவே சட்டத்தை நம்பி நாவை நீட்டுவதற்கில்லை.

விடை காண்பதற்கு அரிய இடங்கள் இரண்டு உள. ஒன்று கோயில், மற்றொன்று உறவினர் வீடு. திருப்பதி லட்டில் கடலை மாவும் முந்திரியும் நெய்யும் உண்டு. பல கோயில்களின் புளியோதரையில் வேர்க்கடலை உண்டு. பிரசாதத்தை மறுப்பது எவ்வாறு என்று பக்தர் உள்ளம் கலங்குகிறது. அதனைக் கையில் வாங்கித் தருபவரை வணங்கி, உடன் வந்தவரிடம் கொடுத்துவிடலாம். தன் உடலைக் காத்துக்கொண்டவன் மேல் எந்தத் தெய்வமும் சினம் கொள்வதில்லை. உறவினர் வீட்டிலோ நிலைமை இன்னும் கடினம். 'ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது' என்று அன்பினாலேயே வற்புறுத்துவார்கள். அன்பு இங்கே மருந்தாகாது. போகுமுன்பே செய்தி சொல்லிவிடுவதும், பாட்டி, அத்தை, பெரியம்மா ஆகியோரிடம் குழந்தையின் நிலையைத் தனியே எடுத்துரைப்பதும் பெற்றோர் கடமையாகும். குழந்தைக்கும், கேளாமல் எதையும் வாங்கி உண்ணலாகாது என்பதையும், வாய் அரித்தாலே சொல்ல வேண்டும் என்பதையும் பழக்க வேண்டும். பெரும்பாலும் ஆபத்துக்கு உள்ளாவோர், நண்பர்முன் சொல்ல நாணும் இளவயதினரும் ஆஸ்துமா உடையவரும் ஆவர்.

இத்தனை காத்தும் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் அறிகுறி தோன்றும். உடல் தடித்தல், உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, ஓயாத வாந்தி, தலை சுற்றி வீழ்தல் ஆகியவை அவ்வறிகுறிகள். தோலில் ஒன்றும் காணப்படாமலே மூச்சு முட்டுவதும் உண்டு. மூச்சோ குரலோ மாறினாலும், மயக்கம் வந்தாலும், சற்றுப் பார்ப்போம் என்று காத்திருத்தல் கூடாது. உடனே அட்ரினலின் ஊசியைத் தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசையில் செலுத்த வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது. அது தோலை ஆற்றுமேயன்றித் தொண்டையைத் திறக்காது. நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. 112 என்ற எண்ணையோ 108 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். 5 நிமிடத்தில் தெளிவு காணாவிடில் மருத்துவர் சொல்லியவாறு மறு ஊசி போடலாம். தெளிந்துவிட்டதென்று விடுதிக்குத் திரும்புவதும் தவறு. சில மணி நேரம் கழித்து நோய் மீண்டும் தலையெடுப்பதுண்டு. ஆதலால் மருத்துவமனையில் காத்திருந்தே திரும்ப வேண்டும்.

இறுதியாக, உணவு படைப்போருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வாமை உள்ளவர் வந்து நுணுக்கி நுணுக்கிக் கேட்கும்போது, இவர் குறை சொல்ல வந்தவர் என்று முகம் சுளிக்க வேண்டாம். தம் உயிரை உங்கள் கரண்டியில் ஒப்படைக்க வந்தவர் அவர். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பசித்தவனுக்கு இலை போட்டு அமுது படைப்பது எவ்வளவு பெரிய அறமோ, 'ஐயா, இதில் என்ன சேர்ந்ததென்று எனக்கு உறுதியில்லை; இதை உண்ண வேண்டாம்' என்று சொல்லி இலையை எடுப்பதும் அவ்வளவு பெரிய அறமே. அந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொல்லும் உண்டிச் சாலைகள் ஊர்தோறும் பெருகுமானால், இன்று வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்கும் குடும்பங்கள் பலவும் காசியையும் காஷ்மீரத்தையும் கண்டு களித்து நலமே வீடு திரும்பும்.